வி.பி. (கம்பு வெட்டி வளர்க்கிற) தேயிலைக் கன்றுக்கு வேரே வரல, அடியில கட்டி மட்டும்தான்

கந்தப்பளை பொடியன்:
லயத்துக்கு (தோட்டத்து லைன் வீட்டுக்கு) பின்னால எங்களுக்கு இருக்கிற பத்து பேர்ச் நிலத்துல தேயிலை வைக்கலாம்னு, மாமாகிட்ட டி.ஆர்.ஐ. 2025ங்கிற ரகத்துத் தாய்ச்செடிக் கம்பு வாங்கினேன். ஒரு கணு, ஒரு இலைன்னு வெட்டி 400 பை போட்டேன். மண்ணு எங்க லீக்ஸ் பாத்தியில அள்ளினது, நல்ல கறுப்பு மண். மூங்கில வளைச்சு பொலித்தீன் மூடி, மேல நிழல் வலையும் கட்டியாச்சு. மூணரை மாசம் ஆகுது. இலை பச்சையாத்தான் நிக்குது. நேத்து பத்தைப் பிடுங்கிப் பார்த்தா எட்டுல வேரே இல்ல, வெட்டுன வாயில கடலைக்கொட்டை பருமனுக்கு வெள்ளைக் கட்டி. தண்ணி கூடிப்போச்சா?

நர்சரி அக்கா:
தண்ணி இல்ல தம்பி, மண்ணு. லீக்ஸ் பாத்திக்கு டொலமைட் போட்டிருப்பீங்களே, மண்ணோட புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புத் தூள்? தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும், பி.எச். 4.5க்கும் 5.5க்கும் நடுவுல. அதைத் தாண்டினா கம்பு கட்டியைத்தான் பெருக்கும், வேர் விடாது. இலை பச்சையா நின்னு ஏமாத்தும். தேயிலை மலை ஓரமா மேல்மண்ணை ஒதுக்கிட்டு, அடிமண்ணை எடுத்துச் சலிச்சுப் போடுங்க. அடுப்புச் சாம்பல் ஒரு பிடி கூட வேணாம், அதுவும் டொலமைட் மாதிரி புளிப்பைக் குறைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நல்லதுன்னு நெனச்சு ஒரு நாத்துமேடை முழுக்கத் தூவினேன். கணக்கப்பிள்ளை ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு.

மஸ்கெலியா:
கட்டியை பிளேட்டால சீவிட்டு புது மண்ணுல குத்தலாமே?

நர்சரி அக்கா:
செஞ்சு பார்த்திருக்கேன், பாதிக்கு மேல செத்துச்சு. கம்பு கிடைக்குதுன்னா புதுசா வெட்டுறதே மேல். நுனி இளசும் வேணாம், அடி முத்தலும் வேணாம், நடுக்கம்பு. குத்துறப்ப இலை மண்ணுல படக் கூடாது.

கந்தப்பளை பொடியன்:
போன வருஷம் டொலமைட் போட்டது நான்தான் அக்கா 😔 சரி, மலையில வச்ச பிறகு செடி பக்கவாட்டுல படர, தண்டை வெட்டுறதா, வாதை (கிளையை) வளைக்கிறதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நர்சரி அக்கா:
உங்க பத்து பேர்ச்சுக்கு வளைக்கிறதுதான். வெட்டுனா இலையும் சேர்ந்து போயிரும். வளைச்சா இலை இருக்கும், செடிக்குச் சாப்பாடு குறையாது. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலைக்கு ஆணிவேர் இருந்துச்சு, கம்புல வந்ததுக்கு அது கிடையாது, வெயில் காலத்துல சீக்கிரம் வாடும். வாது நீண்டு, இளசா இருக்கையிலயே பக்கத்துக்கு ஒண்ணா சாய்ச்சு மூங்கில் கொக்கி குத்திருங்க. முத்தவிட்டா முறியும். நுனியைக் கிள்ளிட்டா படுத்த வாதுல கணுவுக்குக் கணு தளிர் நிமிரும். அதைப் பார்த்ததும் கொழுந்துன்னு ஒடிச்சிராதீங்க. அம்மாகிட்டயும் சொல்லி வைங்க, கை சும்மா இருக்காது.

கந்தப்பளை பொடியன்:
அம்மாதான் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறாங்க.