பிபிசி மைக்ரோவில் தமிழ்: புது எழுத்து வரைந்தால் பழைய எழுத்து மாறுது, அப்புறம் "பேட் புரோகிராம்". உதவுங்க

விளவங்கோட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு ஆக்கர் கடையில் எடைக்குக் கிடந்த பிபிசி மைக்ரோ மாடல் பி (1980-களில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்) இப்ப என்கிட்ட இருக்கு. 32 கே மெமரி. உள்ளே டிஸ்க் இன்டர்ஃபேஸ் இருக்கு, பிளாப்பி டிரைவுக்குப் பதிலா, அதைப் போலவே நடிக்கும் கோடெக்னு ஒரு கருவியை மாட்டி பென் டிரைவில் ஓட்டுறேன். நம்ம மாவட்டத்துப் பழைய நாலு தாலுகா (அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு) பெயரைத் தமிழிலேயே திரையில் காட்டி, அக்கா பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா எழுதணும்னு ஆசை.

விடியு 23 (எழுத்தின் எண்ணையும் புள்ளி வடிவத்தையும் சொல்லும் கட்டளை) கொடுத்து எழுத்து வரையுறேன். 224 முதல் 255 வரை 32 எழுத்து அழகா வந்துட்டு. இடம் போதலைன்னு 192-ல் அடுத்த எழுத்தை வரைஞ்சா, 224-ல் இருந்த "அ" அந்தப் புது எழுத்தா மாறிடுது. 193 வரைஞ்சா 225 போகுது.

மெஷினோட வந்த யூசர் கைடின் பின்பக்கங்களைக் கரையான் தின்னுட்டு. அட்வான்ஸ்டு யூசர் கைடு ஸ்கேன் பண்ணினது இருக்கு. அதில் எழுத்துக்கு இடம் கூட்டும் *எஃப்எக்ஸ் 20 கட்டளைக்கு ஒரு அட்டவணை, 6 வரை கொடுக்கலாம்னு போட்டிருக்கு. புரோகிராமின் முதல் வரியாவே *எஃப்எக்ஸ் 20,6 போட்டேன். ரன் பண்ணினா நடுவில் நிக்குது, லிஸ்ட் அடிச்சா "பேட் புரோகிராம்" (புரோகிராம் கெட்டுப்போச்சு). மெமரி சிப் போயிட்டா? இன்னொண்ணு, மோட் 7 என்ற திரை வகையில் நான் வரைஞ்ச எழுத்து எதுவுமே தெரியலை.

கடலோரம் குளச்சல்:
தம்பி, மெமரி சிப்பைக் கழற்றிடாதே, 32 எழுத்து சரியா நிக்குதுன்னா அது நல்லாத்தான் இருக்கு. அதைவிட அவசரமான வேலை ஒண்ணு இருக்கு. பவர் சப்ளையைத் திறந்து பாத்தியா? அதில் மெயின்ஸ் வரும் இடத்தில் கண்ணாடி மாதிரி மஞ்சள் உறை போட்ட ரிஃபா கம்பெனி கப்பாசிட்டர் இருக்கும். வயசான உறையில் கீறல் விழும், ஈரம் உள்ளே போகும், ஒருநாள் வீடு முழுக்கப் புகையும் நாத்தமுமா ஆக்கிடும். நம்ம கடல்காத்துக்கு அது இன்னும் சீக்கிரம். மெயின்ஸுக்குன்னே உள்ள எக்ஸ் 2 வகையில் அதே மதிப்புக்குப் புதுசு வாங்கி மாத்திடு. மாத்துறதுக்கு முன்னாடி பிளக்கை உருவி வச்சுட்டு நல்லா நேரம் கொடு, பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி நிக்கும்.

பார்வதிபுரம் வாத்தியார்:
மக்கா, இந்த மெஷினைப் பத்தி ஒருத்தர் கேட்டுப் பாக்கவே மனசு நிறையுது. மத்திய அரசு 1984-ல் கொண்டுவந்த கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது இதே பிபிசி மைக்ரோதான். நான் பிள்ளைகளுக்குப் பேசிக் என்ற புரோகிராம் மொழி சொல்லிக்கொடுத்ததும் இதில்தான்.

முதல்ல மோட் 7. அந்த மோடில் எழுத்தை வரையுறது கம்ப்யூட்டர் இல்லை, டிவியில் எழுத்துச் செய்தி காட்டும் டெலிடெக்ஸ்ட்டுக்குன்னே இருக்கும் தனி சிப். அதோட எழுத்துகள் அந்த சிப்புக்குள்ளேயே பதிஞ்சது, விடியு 23 அங்க எட்டாது. மோட் 4-க்கு வா.

இனி ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லு. *எஃப்எக்ஸ் 0 அடிச்சா ஓஎஸ் (மெஷினை நடத்தும் அடிப்படை மென்பொருள்) என்ன பதிப்புன்னு வருது? பிரிண்ட் பேஜ் அடிச்சா என்ன எண் வருது? பேசிக் புரோகிராம் மெமரியில் தொடங்குற இடம்தான் பேஜ்.

விளவங்கோட்டான்:
சார், ஓஎஸ் 1.20-ன்னு வருது. பேஜ் 6400.

பார்வதிபுரம் வாத்தியார்:
அப்ப மெஷின் முழு ஆரோக்கியமா இருக்கு. நடந்தது என்னன்னு சொல்றேன்.

நாம வரையுற எழுத்துக்குன்னு ஓஎஸ் ஒதுக்கி வச்சிருப்பது 3072 முதல் 3327 வரை, 256 பைட். ஒரு எழுத்துக்கு 8 பைட், ஆக 32 எழுத்து. 128, 160, 192, 224 இந்த நாலு எண்ணும் ஒரே 8 பைட்டைத்தான் பாக்கும். அதனாலதான் 192-ஐத் தொட்டா 224 மாறுது.

*எஃப்எக்ஸ் 20 இந்த இடத்தை விரிக்கும். எங்க விரிக்கும்? பேசிக் புரோகிராம் தொடங்குற இடத்திலேயே. டிஸ்க் இன்டர்ஃபேஸ் உள்ள மெஷினில் அது 6400, இல்லாத மெஷினில் 3584. ஒவ்வொரு 32 எழுத்துக்கும் அங்கிருந்து 256 பைட் எடுத்துக்கும். 6 கொடுத்தா 1536 பைட். நீ அந்தக் கட்டளையைப் புரோகிராமுக்குள்ளேயே வச்சதால, ஓடிக்கிட்டிருக்கும் புரோகிராமின் மேலேயே ஓஎஸ் எழுத்து வடிவங்களைக் கொட்டிட்டு. பேசிக்குக்குத் தன் வரிகளே அடையாளம் தெரியலை.

அட்டவணையில் ஓஎஸ்எச்டபிள்யூஎம்னு ஒரு பெயர் வரும் பாரு, ஓஎஸ் தனக்கு வச்சுக்கிட்ட மெமரியின் மேல் எல்லை அது. *எஃப்எக்ஸ் 20 அந்த எல்லையை மேலே தள்ளும், ஆனா பேஜைத் தொடாது. பேஜை நாமதான் தள்ளி வைக்கணும், அதுவும் புரோகிராமை லோட் பண்ணுறதுக்கு முன்னாடி. அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டளையைப் படிக்கும்போது மெமரி மேப் பக்கத்தையும் பக்கத்திலேயே திறந்து வச்சுக்கோ.

தோவாளைக்காரி:
சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். 6 வேண்டாம், 3 போதும். 4, 5, 6 எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்து வடிவங்களையும் மாத்தணும்னா மட்டும் வேணும். 3 கொடுத்தா 128 முதல் 255 வரை 128 எழுத்து, தமிழுக்கு எண்ணிப் பாத்தா கச்சிதமா அமையும்: உயிர் 12, ஆய்தம் 1. 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இ, ஈ, உ, ஊ ஆக 108. அப்புறம் ா, ெ, ே, ை நாலு. மொத்தம் 125. ஔகாரக் குறிக்கு "ள" வடிவத்தையே போட்டுக்கலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு இங்க நன்றி சொல்லணும். துதிக்கை போட்ட பழைய "ளை" இருந்திருந்தா அதுக்குத் தனி இடம் வேணும். இப்ப "தோவாளை" எழுத ே, த, ா, வ, ா, ை, ள, அவ்வளவுதான்.

ஆனா 125-ஐ இன்னும் குறைக்கலாம். விடியு 5 கொடுத்தா எழுத்து கிராபிக்ஸ் கர்சர் இருக்கும் இடத்தில் விழும், கீழே இருக்கிறது அழியாது. அப்ப புள்ளியைத் தனி எழுத்தா வச்சு மேலே அடிச்சிடலாம்:

விடியு 23,160,0,66,66,66,66,66,126,0
விடியு 23,161,24,0,0,0,0,0,0,0
விடியு 5
விடியு 160,8,161

முதல் வரி "ப". ரெண்டாவது புள்ளி. கடைசி வரியில் உள்ள 8 ஒரு எழுத்து பின்னால போகச் சொல்லுது. திரையில் "ப்" வரும். புள்ளி எழுத்து 18 போய் ஒண்ணே ஒண்ணு, ஆக 108. மிச்சம் 20 இடம். அகஸ்தீஸ்வரத்துக்கு "ஸ" அதில் வையுங்க. "ண", "ஞ" ரெண்டையும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடைச்சா படிக்கவே முடியாது. அதுகளுக்கு ரெண்டு கட்டம் கொடுங்க, தயங்காதீங்க.

விளவங்கோட்டான்:
ரொம்ப நன்றி அக்கா, சார். அப்ப ஒவ்வொரு தடவையும் மெஷினைப் போட்டதும் கையாலேயே டைப் அடிக்கணுமா?

பார்வதிபுரம் வாத்தியார்:
வேண்டாம். *பில்டு !பூட் கொடுத்து இந்த நாலு வரியை எழுதி, எஸ்கேப் தட்டு:

*எஃப்எக்ஸ் 20,3
பேஜ்=7168
நியூ
செயின் "வினா"

7168 என்பது 6400-ம், 3 கொடுத்தா ஆகும் 768-ம் சேர்ந்தது. பிறகு, !பூட் தானா ஓடுறதுக்கு *ஆப்ட் 4,3. இனி ஷிப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு பிரேக் தட்டினா, நீ கீபோர்டில் அடிக்கிற மாதிரியே அந்த வரிகள் ஒவ்வொண்ணா ஓடும். அந்நேரம் மெமரியில் புரோகிராம் ஏதும் இல்லாததால கெட்டுப்போக ஒண்ணுமில்லை. புரோகிராமுக்குள்ளே இருக்கும் *எஃப்எக்ஸ் 20 வரியை எடுத்துடு. மோட் 4-ல் திரை 22528-ல் தொடங்குது, ஆக உனக்கு 15360 பைட் மிச்சம். வினாடி வினாவுக்குத் தாராளம். மோட் 1-ன் கலருக்கு ஆசைப்பட்டா 5120 தான் கிடைக்கும்.

விளவங்கோட்டான்:
வந்துட்டு சார்! நாலு தாலுகா பெயரும் தமிழில் நிக்குது. குளச்சல் அண்ணே, கப்பாசிட்டரில் கீறல் இருந்துது, மாத்திட்டுத்தான் போட்டேன். ஒரே ஒரு குறை: விடியு 5-ல் திரை நிறைஞ்சா மேலே நகரலை, திரும்ப முதல் வரியிலேயே போய் எழுத்துமேல எழுத்து விழுது.

தோவாளைக்காரி:
விடியு 5-ல் ஸ்க்ரோல் கிடையாது. ஒரு வரி நகர்த்தணும்னா விடியு 4 கொடுத்து, பிரிண்ட் டேப்(0,31) அடிங்க, கடைசியில் செமிகோலன் போடாம. கர்சர் கடைசி வரியிலிருந்து கீழே போகப் பாக்கும், திரை ஒரு வரி மேலே ஏறும். உடனே விடியு 5, மூவ் 0,31. அடுத்த தமிழ் வரி அடியில் காலியான இடத்தில் விழும். இந்த நாலையும் ஒரு புரொசீஜரா எழுதி வச்சுக்கோங்க.