குடிக்கிற மருமகளைப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பிவெச்சா சரியாயிருமா?

காங்கேயத்தான்:
எங்க சொந்தத்துல, ஒறம்பரையில ஒரு வீடுங்க. மாப்பிள்ளை திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர், பொண்ணு பனியன் கம்பெனியில செக்கிங். மூத்த புள்ள அஞ்சாவது படிக்குது, சின்னவனுக்கு ரெண்டரை வயசு. அந்தப் பொண்ணு ரொம்ப நாளா குடிக்குதுன்னு இப்பத்தான் வெளியில தெரிஞ்சுது. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசி, பொண்ணைத் தாராபுரத்துக்குப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பறது, குழந்தைகளை மாப்பிள்ளையோட ஆத்தா வெச்சுப் பாத்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பொண்ணோட அண்ணன், "ஒரு ரூம்ல போட்டுப் பூட்டுனா பத்து நாள்ல தானா நின்னுரும்"னு சொல்லியிருக்காரு.

எனக்கு இந்த முடிவு சரின்னுதான் படுது. அப்பன் குடிச்சாலும் அம்மா இருக்கான்னு குழந்தைக்கு ஒரு தெம்பு இருக்கும். அம்மாவே குடிச்சா அந்தக் குழந்தை யாருகிட்டப் போகும்? கேஸைப் பத்தவெச்சுட்டுத் தூங்கிப்போனா என்ன ஆகும்? நீங்க என்ன சொல்றீங்க?

நொய்யல்கரை:
மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா, அதை எழுதவே இல்லையே நீங்க?

காங்கேயத்தான்:
சனிக்கிழமை சம்பளம் வாங்குனா குடிப்பாருங்க. ஆனா ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டதில்லை, குடும்பத்தை விட்டதில்லை.

நொய்யல்கரை:
அவருக்காக எந்தப் பெரியவராவது உக்காந்து பேசினாங்களா? வாராவாரம் குடிக்கிறவர் வீட்டிலேயே இருப்பார், குழந்தைகளும் அவர்கிட்டயே இருக்கும், பெட்டியைத் தூக்கிட்டுப் போக வேண்டியது அந்தப் பொண்ணு மட்டும். இதுக்குப் பேர் குழந்தைகள் மேல அக்கறை இல்லைங்க, மானத்துக்குப் பயம். வெளியில தெரியாம இருந்திருந்தா இன்னும் நாலு வருசம் கண்டுக்காம இருந்திருப்பாங்க.

தறிக்காரர் சோமனூர்:
தாய்க்குலமே கெட்டுப்போச்சுன்னு டிவிக்காரன் கிளப்புற பேச்சை நம்பாதீங்க. 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, குடிக்கிற பொம்பளைங்க நாடு முழுக்கவே நூத்துக்கு ஒண்ணு சொச்சம்தான். ஆம்பளைங்க பத்தொன்பது பேர்கிட்ட. நம்ம ஊரைக் கெடுக்கறது எதுன்னு அதுலயே தெரியுது. ஒரு வீட்டுக் கதையை வெச்சு இம்புட்டுப் பெரிய விவாதம் தேவையில்லை.

நொய்யல்கரை:
கணக்கெடுக்க வர்றவங்க கேக்கும்போது திண்ணையில மாமியார் உக்காந்திருப்பாங்க. எந்த மருமக "ஆமாங்க, நான் குடிப்பேன்"னு சொல்லுவா? ஆம்பளை சொல்றதுல கூச்சமில்லை, எண்ணிக்கை கூடுது. நூத்துக்கு ஒண்ணுன்னே வெச்சாலும், அந்த ஒரு வீட்டுக் குழந்தைக்கு அது முழு வாழ்க்கை.

வார்டு சிஸ்டர்:
அரசு ஆஸ்பத்திரியில பல வருசம் மனநலப் பிரிவுல இருந்தவள் நான். மத்த விவாதம் அப்புறம் இருக்கட்டும். அந்த ரூம் பூட்டுற பேச்சை முதல்ல நிறுத்துங்க, உயிர் போகும்.

தினமும் குடிச்சுப் பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா, ஆறேழு மணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிக்கும், வியர்த்துக் கொட்டும். முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டு மூணு நாள் கழிச்சு நினைவு தடுமாறும், இல்லாத எறும்பு உடம்புல ஊருதுன்னு தட்டிவிட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்த நிலையில வைத்தியம் கிடைக்காம இறந்தவங்க உண்டு. வெளியில இருக்கிறவங்க "குடிக்குக் கத்துறா, கத்தட்டும்"னு உக்காந்திருப்பாங்க. ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, பக்கத்திலேயே இருந்து இதைத் தாண்டவைக்கிறோம். பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரம், பத்து நாள்ல உடம்பு நிதானத்துக்கு வந்துரும். அதுக்கப்புறம்தான் உண்மையான சிகிச்சையே ஆரம்பம்.

இன்னொண்ணு. ஆம்பளை குடிக்கிற அதே ஒரு கட்டிங் சரக்கு பொம்பளை உடம்புல அதிகமா ஏறும். உடம்புல நீரோட அளவு குறைவு, சாராயத்தை வயித்திலேயே உடைக்கிற நொதியும் குறைவு. அதனால குறைஞ்ச வருசத்திலேயே கல்லீரல் போயிருது. ஆம்பளைக்குக் காத்திருந்த மாதிரி "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்"னு இந்தப் பொண்ணுக்குக் காத்திருக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டு சுவத்துல "குடிப்பவருக்கே தெரியாமல்"னு ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்த்து எதையாவது வாங்கி ரசத்துல கலந்துறாதீங்க. குடியோட சேர்ந்தா ரத்த அழுத்தத்தைச் சட்டுனு இறக்கிவிடுற மருந்து அதுல இருந்தா, தெரியாமச் சாப்பிட்டவங்க கதி என்ன?

காங்கேயத்தான்:
சிஸ்டர், ரூம் பூட்டுற விசயத்தை அவங்க அண்ணன்கிட்ட இப்பவே போன்ல சொல்லிட்டேங்க. ஆனா மனநல வார்டுல சேத்துனா ஊரே பேசும். மூத்தது பொம்பளப் புள்ள. நாளைக்கு நல்லது கெட்டதுன்னு வரும்போது "இவங்க அம்மா அங்க இருந்தவ"ன்னு சொல்ல மாட்டாங்களா? எனக்கு அந்தப் புள்ளைதான் வெசனம். அம்மாவைக் காப்பாத்தறதுக்காகப் புள்ளையைப் பலி குடுக்க முடியாதுங்க. இதுல நான் மாறப்போறதில்லை.

அமராவதி:
அந்த மூத்த பிள்ளையின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன். எந்தப் பக்கமும் சாயாமல் படியுங்கள்.

எங்கம்மா தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட். உடம்பு வலிக்கு என்று முதல் டம்ளரை ஊற்றிக் கொடுத்தது எங்கப்பாதான். பிறகு அவர் வெளியூர் லோடுக்குப் போனார், அம்மா தனியாகக் குடிக்க ஆரம்பித்தார். கடைக்குப் போக மாட்டார். அரிசி மில்லுக்குப் போகிற ஒருத்தர் வாங்கிவந்து கொடுப்பார். பாட்டில் அட்டாலியில், பழைய குண்டாவுக்குள், மேலே கோணிச்சாக்கு. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு சோறு நான் ஆக்குவதா, அம்மா ஆக்குவாரா என்று முடிவு செய்வேன். ஒறம்பரை வந்தால் "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்ப எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தம்பியைக் குளிப்பாட்டி, யூனிபார்ம் தேய்த்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் விழுந்து கிடந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போயிருக்கிறேன்.

எங்களைக் கடைசியில் அமுச்சி, அம்மாவின் அம்மா, கூட்டிக்கொண்டு போனார். அங்கே போன பிறகுதான் ராத்திரியில் தூங்கினேன். ஆகவே நொய்யல்கரை அவர்களே, பிள்ளைகளைப் பிரிப்பது வெறும் மானப் பிரச்சினை என்று சொல்லாதீர்கள். எங்களுக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் அம்மாவை அப்படியே விட்டுவிட்டார்கள். யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. ஒரே காரணம், காங்கேயத்தான் சொல்கிற அதே காரணம்: பொம்பளப் பிள்ளை இருக்கிறது, ஊர் பேசும். எனக்குக் கல்யாணம் நடந்தது. அதைப் பார்க்க அம்மா இல்லை.

தறிக்காரர் சோமனூர்:
படிச்சேன் தங்கச்சி. தறியில புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நின்னா, பன்னெண்டு மணி நேரச் சத்தமும் பஞ்சும் போக ஒடம்பு முறிஞ்சுதான் போகும். இருந்தாலும் மூலம் மதுக்கடைதான்னு நான் சொல்லுவேன். 2003ல அரசே கடையை எடுத்து நடத்த ஆரம்பிச்சதுல இருந்து சரக்கு எட்டாத ஊரே இல்லை. கடையை மூடாம மருந்து குடுத்து என்ன பிரயோசனம்?

கீழ்பவானி:
கடையை மூடச் சொல்வதில் நானும் உங்களோடுதான். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். ராஜாஜி 1937-இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். அந்தப் பெருமையைப் பேசியே வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் போராட்டத்தில் பெண் என்றால் குடிகாரனின் மனைவி, குடிகாரனின் தாய். குடிக்கும் பெண்ணுக்கு அந்தப் பேச்சில் இடமே இருக்கவில்லை. கடை மூடுகிற வரைக்கும் தாராபுரத்துப் பெண் நடுங்கிக்கொண்டு இருக்க முடியுமா? இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

நொய்யல்கரை:
அமராவதி சொன்னதை மறுக்க மாட்டேன். குழந்தைகள் ஆத்தா வீட்டில் இருக்கட்டும். ஆனா பிரிச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு பெரியவங்க எழுந்து போறதை ஒத்துக்கவே மாட்டேன்.

வார்டு சிஸ்டர்:
காங்கேயத்தான், ஊர் பேச்சுக்குப் பதில் சொல்றேன். 2017ல வந்த மனநலச் சட்டத்துல, குடியால வர்ற மனநலக் கோளாறும் நோய்க்குள்ள அடங்கும். நோயாளி விவரத்தை ரகசியமா வெச்சுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. சின்னவனுக்கு ரெண்டரை வயசுன்னு எழுதியிருக்கீங்க. மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையை, அந்தச் சட்டப்படி மனநல நிலையத்துல சிகிச்சையில இருக்கிற தாய்கிட்டயிருந்து சாதாரணமாப் பிரிக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்துன்னு டாக்டர் நினைச்சாத் தற்காலிகமாப் பிரிக்கலாம், அதையும் பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் திரும்பப் பார்க்கணும். அதாவது குழந்தை எங்க இருக்கணும்ங்கிற முடிவுல டாக்டர் ஒருத்தர் இருக்கணும். கூடிப் பேசின பெரியவங்க மட்டும் போதாது.

யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலைன்னா அரசோட மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணுங்க. தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. மாப்பிள்ளையும் கூடவே வரட்டும், அவரோட சனிக்கிழமைக் கணக்கையும் டாக்டர்கிட்டச் சொல்லட்டும். வீட்டுல ஒருத்தர் பாட்டிலைத் திறந்துட்டு இருந்தா இன்னொருத்தர் நிறுத்தறது ரொம்பக் கஷ்டம்.

காங்கேயத்தான்:
மாப்பிள்ளை வருவாரான்னு எனக்கு நம்பிக்கையில்லைங்க. பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் பேசறேன். குழந்தைங்க ஆத்தாகிட்டத்தான் இருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை.

அமராவதி:
இருக்கட்டும். ஆனால் மூத்தவளிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், உங்களை விட முன்னாலேயே தெரியும். அம்மாவுக்கு நோய், வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள், உன்னால் வந்ததில்லை என்று யாராவது ஒருத்தர் உட்கார்ந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனில் அம்மாவிடம் பேச விடுங்கள். மாப்பிள்ளை வரவில்லை என்றால், பெண்ணை அனுப்புவதற்காகக் கூடிய அதே பெரியவர்கள் அவரையும் உட்காரவைத்துப் பேசட்டும்.