ஒளிபுகும் ஓஎல்இடி திரை: தடையாக நிற்பது எந்த அடுக்கு?

கயல் (கேள்வி):

வணக்கம். முதுகலை இயற்பியல் கருத்தரங்கில் ஒளிபுகும் ஓஎல்இடி (மின்சாரம் கொடுத்தால் தானே ஒளிரும் கரிமப் படலங்களால் ஆன சாதனம்) பற்றிப் பேசவிருக்கிறேன். சாதாரண ஓஎல்இடியின் அமைப்பு ஓரளவு விளங்கிவிட்டது. கண்ணாடியின் மேல் ஐடிஓ எனப்படும் இண்டியம் டின் ஆக்சைடு நேர்மின்வாய், அதன்மேல் துளைகளை (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம் போல நகரும் இடங்களை) கடத்தும் கரிமப் படலம், அடுத்து எலக்ட்ரான்களைக் கடத்தி ஒளிரும் படலம், எல்லாவற்றுக்கும் மேலே உலோக எதிர்மின்வாய். ஐடிஓ ஒளிபுகும் பொருள்தானே? எதிர்மின்வாயையும் அதனாலேயே அமைத்துவிட்டால் சாதனம் முழுவதும் ஒளிபுகும்படி ஆகிவிடாதா? ஒளிரும் படலமே தன் ஒளியை உட்கவர்ந்துவிடாதா என்ற ஐயமும் உண்டு. வண்ணத் திரைக்காகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று படித்தேன். கடைக்கு வரும் திரைகள் அப்படித்தான் செய்யப்படுகின்றனவா?

மென்படலம்:

வணக்கம் கயல். இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பச்சை ஒளி தரும் ஏஎல்க்யூ3 என்ற அலுமினியச் சேர்மம் வலுவாக உட்கவர்வது 400 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில். அது மிகுதியாக உமிழ்வதோ 520 நானோமீட்டரை ஒட்டி. கிளர்வுற்ற மூலக்கூறு ஒளியை விடுவதற்கு முன்பே தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொண்டு ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடுவதால், உமிழப்படும் ஒளியை அதே பொருள் திரும்பப் பற்றிக்கொள்வது மிகக் குறைவு. படலத்தின் மொத்தத் தடிமனும் 100 நானோமீட்டர் அளவுதான். ஆகவே கரிம அடுக்குகள் ஏற்கெனவே ஒளிபுகுபவையாகவே இருக்கின்றன. உண்மையான தடை எதிர்மின்வாயில் இருக்கிறது.

1987-ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட சாதனத்தில் மெக்னீசியமும் வெள்ளியும் கலந்த உலோகம் எதிர்மின்வாயாக இருந்தது. மெக்னீசியத்தின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை அதிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 3.7 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கும் ஏஎல்க்யூ3-இன் காலியான மட்டத்துக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்துவது அதற்கு எளிது. ஐடிஓவுக்கு அந்த மதிப்பு 4.7-ஐ ஒட்டியது, அதை நேரடியாக மேலே வைத்தால் எலக்ட்ரான்கள் ஏறவேண்டிய தடுப்பு ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிவிடும்.

இதைவிடக் கடுமையான சிக்கல் படிவு முறையில் இருக்கிறது. ஐடிஓவை ஸ்பட்டரிங் முறையில், அதாவது பிளாஸ்மா எனும் அயனியாக்கப்பட்ட வாயுவின் அயனிகளால் ஐடிஓ கட்டியை மோதி அணுக்களைத் தெறிக்கவைத்து, படியவைக்கிறோம். வேகமாக வந்து மோதும் அணுக்களும் பிளாஸ்மாவின் புற ஊதா ஒளியும் மென்மையான கரிமப் படலத்தைச் சிதைத்துவிடும். கண்ணாடி மேல் நல்ல ஐடிஓ வேண்டுமானால் சூடாக்கிப் படியவைக்கலாம். ஆனால் துளைக் கடத்தியாக அந்நாளில் பயன்பட்ட டிபிடி 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். அதனால் அறை வெப்பநிலையில், குறைந்த திறனில், மெதுவாகவே செய்யவேண்டியிருக்கிறது. திறனைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலும் சாதனம் ஒளிராமலே மின்னோட்டத்தைக் கசியவிடுவதை ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1996-ல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் ஆகியோரின் குழு, விளாடிமிர் புலோவிச் முதன்மை ஆசிரியராக, நேச்சர் இதழில் வெளியிட்ட தீர்வு அழகானது. மெக்னீசியம்-வெள்ளிப் படலத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு, 10 நானோமீட்டர் அளவிலேயே நிறுத்திவிட்டு, அதன்மேல் ஐடிஓவைப் படியவைத்தார்கள். எலக்ட்ரான்களைச் செலுத்துவது உலோகத்தின் வேலை, மின்னோட்டத்தைப் பரப்புவதும் உலோகத்தைக் காப்பதும் ஐடிஓவின் வேலை. அணைந்த நிலையில் சாதனம் சுமார் 70 சதவீதம் ஒளியை விட்டது; மின்சாரம் கொடுத்தால் இருபுறமும் ஒளிர்ந்தது.

1998-ல் ஃபாரஸ்டின் குழு உலோகத்தை முற்றிலும் நீக்கி, தாமிர தாலோசயனின் என்ற நிறமியின் மெல்லிய படலத்தின் மேலேயே ஐடிஓவைப் படியவைத்தது. ஒளிபுகும் திறன் 85 சதவீதத்தை எட்டியது. ஸ்பட்டரிங் அந்த நிறமியின் மேற்பரப்பில் உண்டாக்கும் சேதமே எலக்ட்ரான்கள் நுழையப் படிகளைப் போன்ற இடைநிலை மட்டங்களை அமைத்துத் தருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். உங்கள் கருத்தரங்கில் இதற்குக் கட்டாயம் இடம் ஒதுக்குங்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

வெண்ணிலவன்:

எதிர்மின்வாய் பற்றி மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அடுக்கும் முறை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1997-ல் ஃபாரஸ்ட், தாம்சன் ஆகியோரின் குழு சயன்ஸ் இதழில் மூவண்ண அடுக்குச் சாதனத்தை வெளியிட்டது. இடையிடையே ஒளிபுகும் மின்வாய்கள் இருந்ததால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மூன்று துணைப் பிக்சல்களை அருகருகே வைப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் முழுப் பரப்பும் எந்த நிறத்தையும் தரும் என்பது பெரிய ஆதாயம். ஆனால் ஒவ்வொரு பிக்சலிலும் நடு அடுக்குகளுக்கு மின் இணைப்புக் கொடுக்கவேண்டும். அந்த இணைப்புகளுக்காகப் படலங்களை வடிவமைப்பது பல லட்சம் பிக்சல்கள் உள்ள திரையில் மிகக் கடினம். அடுக்குகளின் எல்லைகளில் எதிரொளிக்கும் ஒளி குறுக்கீட்டு விளைவுக்கு உட்படுவதால், பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது நிறமும் மாறும்.

எல்ஜியின் பெரிய திரைகள் வேறு வழியில் செல்கின்றன. பல நிற ஒளிர்படலங்களை அடுக்கி, இடையில் தனி மின்வாய் இல்லாமல், மொத்தமாக வெள்ளை ஒளியை உண்டாக்கி, அதை வண்ண வடிகட்டிகளின் வழியே அனுப்புகிறார்கள். ஒளிபுகும் வகையில் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு பகுதி ஒளிராமல், டிரான்சிஸ்டரும் உலோகக் கம்பித் தடங்களும் இல்லாமல், வெறும் சாளரமாக விடப்படுகிறது. அவர்களின் 55 அங்குல விளம்பரத் திரை ஏறக்குறைய 40 சதவீத ஒளியை மட்டுமே விடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கயல்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி. கைபேசித் திரையில் எதிரொளிப்பைத் தடுக்க ஒட்டப்படும் வட்டத் தளவிளைவுப் படலத்தை (சர்க்குலர் போலரைசர்) இதிலும் பயன்படுத்தலாமா?

மென்படலம்:

பயன்படுத்தினால் பின்னால் இருந்து வரும் ஒளியில் பாதிக்கு மேல் அந்தப் படலமே உட்கவர்ந்துவிடும். ஒளிபுகும் தன்மைக்காகப் பட்ட பாடு வீணாகும்.

இதோடு கறுப்பு நிறச் சிக்கலையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்திரையால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், பின்னால் இருந்து வருவதை மறைக்க முடியாது. எனவே கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் சுவரோ சன்னலோ தெரியும். வெளிச்சமான அறையில் படம் வெளிறிப்போகும். 2024-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எல்ஜி காட்டிய 77 அங்குலத் தொலைக்காட்சியில் தேவைப்படும்போது கீழிருந்து மேலெழுந்து திரைக்குப் பின்னால் விரியும் கறுப்புத் திரைச்சீலையை வைத்திருப்பது இதற்காகத்தான்.