பண்டைய மாசிடோனியர் கிரேக்கர்தாமா?

கேள்வி:
பள்ளியில் அலெக்சாண்டரைக் கிரேக்க மன்னர் என்றே படித்தோம். ஆனால் அவருடைய தந்தை இரண்டாம் பிலிப் கிரேக்கரும் அல்லர், கிரேக்கருக்கு உறவினரும் அல்லர் என்று ஏதென்ஸின் அரசியல் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கி.மு. 341இல் சாடியிருக்கிறார். அக்காலத்தவரே மறுத்ததை நாம் எப்படி ஏற்பது?

பதில் 1:
உருப்படியான ஓர் அடிமையைக்கூட வாங்க முடியாத நாடு மாசிடோனியா என்றும் அதே உரையில் அவர் சொல்கிறார். பகைவனைத் தூற்றும் மேடைப்பேச்சை இனவரைவியல் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாக, பிலிப்பின் முன்னோரான மாசிடோனிய மன்னர் முதலாம் அலெக்சாண்டர் ஒலிம்பியாவில் ஓட வந்தபோது, இது அந்நியருக்கான போட்டியன்று என்று மற்றவர்கள் தடுத்ததாகவும், தம் குலம் ஆர்கோஸ் நகரத்தது என்று காட்டிய பின் நடுவர்கள் அவரை ஏற்றதாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் அது அரச குலத்துக்கு மட்டும் கிடைத்த ஏற்பு அல்லவா? குடிமக்களும் கிரேக்கராகவே கருதப்பட்டிருந்தால், மன்னர் ஆர்கோஸ் வரை சென்று வம்சம் காட்ட வேண்டிய தேவை என்ன?

பதில் 2:
சரியான ஐயம். குடிமக்களைப் பற்றி அறிய, அவர்கள் பேசிய மொழியைத்தான் பார்க்க வேண்டும். தலைநகர் பெல்லாவின் இடுகாட்டில் 1986இல் கிடைத்த, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஈயச் சுருளில், டியோனிசோபோன் என்பவன் தெடிமாவையோ வேறெவளையோ மணக்கக் கூடாது, தான் இதைத் தோண்டியெடுத்துப் படிக்கும்வரை அந்தத் திருமணம் நடக்கக் கூடாது என்று ஒரு பெண் ஏவல் வைத்திருக்கிறாள். யாரும் படிக்கக் கூடாதென்று பிணத்தோடு புதைத்ததில் ஏதென்ஸ் நடையைப் போலி செய்ய வேண்டியதில்லை. உண்மையில் அது ஏதென்ஸின் அட்டிக் வழக்கும் அன்று, ஸ்பார்டா முதலிய நகரங்களின் டோரிக் கிளைமொழியை ஒத்த வடமேற்குக் கிரேக்க வழக்கு.

மற்றக் கிரேக்கர் மூச்சோடு ஒலித்த பகரத்தை மாசிடோனியர் 'கம்பம்' என்பதில் வரும் பகரம்போல ஒலித்தனர் (நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் எழுதிக் காட்ட இயலவில்லை). இதை வைத்து அதைத் தனிமொழி என்போரும் உண்டு. எனக்கு அது கிளைமொழி வேறுபாடாகவே தோன்றுகிறது. ஒரே சுருளை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான், ஆனால் பிலிப்போஸ், அலெக்சாண்ட்ரோஸ் போன்ற பெயர்களும் கிரேக்கச் சொற்களால் ஆனவையே.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் டெமாஸ்தனிஸ் மறுத்தது மொழியையா, மதிப்பையா?

பதில் 2:
மதிப்பைத்தான். நகர அரசும் மக்கள் மன்றமும் உள்ளவனே முழுக் கிரேக்கன் என்று எண்ணிய ஏதென்ஸ்காரருக்கு, மன்னனுக்குக் கீழ்ப்பட்ட வடக்கத்தியர் எம்மொழி பேசினாலும் அயலாரே.