"இந்த வெளிச்சத்துக்கும் பெற்றோல் முடிஞ்சு போச்சோ?" – உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாலையூற்று_ஓட்டோ

கிறிஸ்தவர்கள் மற்றவர்களுக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று கோயிலில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். பிரசங்கம் வேண்டாம், உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

2022 ஜூலை தொடக்கம். பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைத்தால். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வருவதற்கு முந்தைய நாட்கள், எல்லோரும் பட்டதுதான், விவரிக்கத் தேவையில்லை. எங்கள் திருகோணமலையில், சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி நிற்கிறது, நாங்கள் பெற்றோல் செட் வாசலில் பாய் போட்டுப் படுத்தோம், அந்தக் கதை வேறு.

என் ஓட்டோவின் பின்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்' என்று ஒட்டியிருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வேதாகமத்தில் 'ஒளி' என்றுதான் வரும், ஆனால் கடையில் ஆயத்தமாக இருந்தது இதுதான். இரவு ஒன்பதரை இருக்கும், அனுராதபுரச் சந்தியில் ஒரு வயதான ஐயா கை காட்டினார். அவருடைய மனைவி மதகில் உட்கார்ந்திருந்தா, மடியில் தலையணை, கையில் சுடுதண்ணிப் போத்தல். பார்த்தவுடனே தெரிந்தது எங்கே போகக் கேட்பார்கள் என்று. ராங்கில் ஒரு லீற்றர் இருந்திருக்கும். விடிய முன்னம் மறுபடி வரிசைக்குப் போகவே அது வேண்டும். "எண்ணெய் இல்லை ஐயா" என்றேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அவர் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போனார். அந்த எழுத்தை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார். பிறகு திரும்பி வந்து, "தம்பி, இந்த வெளிச்சத்துக்கும் பெற்றோல் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்பது போலக் கேட்டார்.

நான் போய்விட்டேன். வீட்டு வாசலில் இறங்கக் கால் வரவில்லை, திருப்பிக்கொண்டு வந்தேன். மதகில் யாரும் இல்லை. மிச்சம் பிடித்த பெற்றோல் அந்த ஓட்டத்திலேயே முடிந்துவிட்டது, சந்தியில் இருந்து தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். காலையில் முதல் வேலையாக ஸ்டிக்கரைப் பிளேட்டால் சுரண்டினேன்.

நிலாவெளி_மணல்

அண்ணா, நான் சைவம், எழுதலாம்தானே?

சுனாமிக்கு எனக்கு 11 வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயாவும், நத்தாருக்கு மறுநாள். கடல் வந்ததை எழுதப் போவதில்லை. உள்ளே ஓடிப்போய் ஒதுங்கிய இடத்தில் ஒரு கிறிஸ்தவ வீடு இருந்தது. அந்த அன்ரி என்னைக் கிணற்றடியில் குளிக்க வார்த்துவிட்டு ஒரு சட்டை கொண்டுவந்து போட்டுவிட்டா. மெரூன் நிறம், வெல்வெட், பின்னால் நாடாவில் கட்டுகிற பெரிய 'போ'. முதல் நாள்தான் அவவுடைய மகள் அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள், புதுத்துணி வாசம் அப்படியே இருந்தது.

எல்லோரும் அந்த அன்ரியைத்தான் புகழ்ந்தார்கள், இன்றைக்கும் அம்மா புகழ்வா. எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது சீருடை போனவர்கள் வீட்டு உடுப்போடு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள், என்னிடம் இருந்த ஒரே நல்ல உடுப்பு அதுதான், போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் அவள் இருந்தாள். அந்த மகள். அவளும் இந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு, இப்போது எல்லோருக்கும் முன்னால் "அது என்ர சட்டை" என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். எழும்பி வந்தாள், என் பின்னால் நின்றாள், அவிழ்ந்து தொங்கின போவை எடுத்து இறுக்கிக் கட்டினாள். "இப்படிக் கட்டினா கழரும், ரெண்டு முடிச்சுப் போடோணும்" என்றாள். போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்கள் பெரிய சிநேகிதிகள் ஆகவும் இல்லை.

அன்ரி கொடுத்தது தன் சட்டையை இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

விடிவெள்ளி_சகோதரன்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஓட்டோச் சகோதரனுக்கு அன்பாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஸ்டிக்கரைச் சுரண்டியது தவறு. மத்தேயு 5-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனம் பாருங்கள், விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள். மரக்கால் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, தம்பலகாமத்தில் எங்கள் பெரியம்மா வீட்டில் நெல் அளக்க வைத்திருந்தார்கள், அதைக் கவிழ்த்தால் உள்ளே விளக்கு ஒரு நிமிஷம் நிற்காது. நீங்கள் செய்ததும் அதுதான். விளக்கு மங்கினால் திரியைத் தூண்ட வேண்டும், விளக்கையே தூக்கி எறியக் கூடாது.

சிலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டி, வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று இருக்கிறதே, பிறகு எப்படி நாலு பேர் பார்க்க வெளிச்சமாக இருப்பது என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே மலைப் பிரசங்கம்தான். 5:16-இல் மனுஷர் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்கிறார். 6-இல், மனுஷர் என்னைக் காண வேண்டும் என்பதற்காகச் செய்யாதே என்கிறார். புகழ் யாருக்குப் போகிறது என்பதுதான் வித்தியாசம். இதை விளங்கிக்கொண்டால் குழப்பம் இல்லை.

நடைமுறையாகவும் சொல்கிறேன். 1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அதை அந்த ஐயாவுக்குச் சொல்லியிருக்கலாம், நீங்களே அடித்தும் கொடுத்திருக்கலாம். எப்போதும் ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கென்று ஒரு அரை லீற்றரைத் தொடாமல் வையுங்கள். இரவு ஓட்டத்துக்கு முன் ஒரு சின்ன ஜெபம் செய்யுங்கள். ஓட்டோவில் வசனத்தோடு ஒரு நல்ல பாட்டும் போட்டுவிடலாம், ஏறுகிறவர்கள் கேட்பார்கள். கடல் முனையில் வெளிச்சவீடு இருக்கிறதே, அது யாருக்கும் சத்தம் போடுவதில்லை, கப்பல்கள் தானாக அதைப் பார்த்து வருகின்றன. அப்படி இருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. ஒருமுறை கொழும்பு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு ஹபரணை வரை சுவிசேஷம் சொன்னேன். அங்கே அவர்தான் பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தந்தார், ஒரு சொல்லும் குறுக்கே பேசவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார், தான் 30 வருஷமாக உபதேசியார் என்று.

கடலோடி_மூதூர்

சகோதரன், கோபிக்காதீர்கள், வெளிச்சவீட்டைப் பார்த்துக் கப்பல் அதை நோக்கி வந்தால் பாறையில் ஏறி உடையும். அந்த முனையில் கல் இருக்கிறது, கிட்ட வராதே என்று சொல்லத்தான் அது. இரவில் வள்ளத்தில் வருகிற எங்களிடம் கேளுங்கள், அதை ஒரு பக்கமாக வைத்து வழி பிடித்து வேறு இடத்துக்குத்தான் போவோம். பிரசங்கத்தில் சொல்கிறவர்கள் எல்லோரும் தரையில் நின்று சொல்கிறார்கள்.

அம்மம்மா_பேரன்

பாட்டுப் போடச் சொன்னது வேறயா! சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு ஒரு கூட்டம் வந்தது, பேர் வேண்டாம். அரிசிப் பொதி, பருப்பு, சவர்க்காரம், கூடவே ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம். அதை வாங்கினால்தான் பொதி என்று சொல்லவில்லை, ஆனால் வரிசையில் முதலில் பிரசுரம், பிறகுதான் அரிசி. அம்மம்மா கும்பிட்டு இரண்டையும் வாங்கினா. அன்று பின்னேரம் மழை, விறகெல்லாம் ஈரம். அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பு மூட்டிவிட்டு, "சொன்ன மாதிரி வெளிச்சம் வந்துது" என்றா. அதே அரிசிதான் சோறு.

பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் வந்த ஒரு பொடியன் மட்டும் பிரசுரக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமல் எங்கள் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தந்தான், இருட்டும் வரை. அவனுடைய முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கிண்ணியா_சகோதரி

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2019 ஈஸ்டர் குண்டு வெடித்த அந்தக் கிழமை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் எத்தனை சின்னப் பிள்ளைகள். எங்கள் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்த வேலை. எங்களுக்கு வெளியில் போகவே வெட்கமும் பயமும். ஆனால் உம்மாவின் மருந்து முடிந்துவிட்டது, மூதூரில் சாச்சி வீட்டில் நின்ற நான் மட்டக்களப்பில் இருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன், அபாயா, தலையில் ஸ்கார்ஃப். என் பக்கத்து சீற் காலியாகவே இருந்தது. ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள், இருக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பின்னால் இருந்து ஒரு அம்மா எழும்பி வந்தா. வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, அழுதழுது முகம் வீங்கியிருந்தது, செத்தவீட்டுக்குப் போய் வருகிறா என்று பார்த்தாலே தெரியும். என் பக்கத்தில் இருந்தா. கையில் ஒரு பெரிய துணிப்பை. "மகள், இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று என் மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டா.

அந்தக் கிழமையில் பை என்றால் என்ன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லா இடத்திலும் பையைத் திறந்து காட்டச் சொன்ன நேரம். யாரும் யாருடைய பையையும் தொடாத நேரம். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், என் மடியில் இருந்த பையைப் பார்த்தார்கள்.

எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்தச் சொல்வார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பையைப் பார்த்து நான் பயந்தேன். இதற்குள் என்ன இருக்கிறது, ஏன் என்னிடம் தந்தா, பழி போடவா என்று. மெதுவாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சோடிச் செருப்பும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும். அவ தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டா. கிண்ணியாப் பாலம் வந்தபோது காற்றுக்கு விழித்துக்கொண்டா, பையை வாங்கினா, "கை நொந்திருக்குமே" என்றா.

பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. செத்தது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உட்துறைமுக_வாசி

சகோதரி எழுதியதற்குப் பிறகு என்னுடையது எடுபடாது, இருந்தாலும். என் அப்பா இங்கே சூசையப்பர் கல்லூரியில் படித்தவர், ஹீபர்ட் அடிகளாரிடம் கூடைப்பந்து பழகியவர். அமெரிக்காவில் லூசியானாவில் பிறந்த இயேசுசபைக் குரு, இளம் வயதில் இலங்கைக்கு வந்து இங்கேயும் மட்டக்களப்பிலும் வாழ்ந்தார். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையில் கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போனவர் மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார், கூட ஒரு தமிழ்ப் பொடியனும். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்று வரை இல்லை.

அப்பா கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிற ஆள். ஓகஸ்ட் 15 மட்டும் திருநீற்றோடு மரியாள் பேராலயத்துக்குப் போய் வெளியில் நிற்பார், உள்ளே போக மாட்டார். ஒரு வருஷம் நானும் போனேன். ஏன் அப்பா நிற்கிறீர்கள் என்று கேட்டால், "அவர் எங்களை ஒரு நாளும் மாறச் சொன்னதில்லை, பந்தைத் தனக்கென்று வச்சிருக்காதே, பாஸ் பண்ணு எண்டுதான் கத்துவார்" என்றார். அந்தப் பொடியனுக்காகவும் யாராவது நிற்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

பாலையூற்று_ஓட்டோ

எல்லோருக்கும் நன்றி. சகோதரி, உங்களுடையதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், பாதியில் எழும்பிப் போய்விட்டா.

விடிவெள்ளிச் சகோதரன், 1990 நம்பர் எனக்கும் தெரியும். அன்று ஞாபகம் வரவில்லை, அதுதான் விஷயம். இப்போது ஆஸ்பத்திரி ஓட்டம் என்றால் காசு பேசாமல் ஏற்றுகிறேன், தந்தால் வாங்குவேன். அதை வெளிச்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம், பயம். எந்த ஐயாவைக் கண்டாலும் அவராக இருக்குமோ என்று பார்க்கிற பயம்.

ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்ட மாட்டேன். ஒட்டவும் தேவையில்லை. சுரண்டியபோது கோந்து போகவில்லை, அதில் புழுதி பிடித்துப் பிடித்து எழுத்து இப்போது கறுப்பாகத் தெரிகிறது. கழுவினால் மறைகிறது, இரண்டு நாளில் மறுபடி வாசிக்கலாம்.

கடலோடி_மூதூர்

துணியைப் பெற்றோலில் நனைத்துத் துடையுங்கள், கோந்து போய்விடும். இப்போதுதான் கிடைக்கிறதே.