மூலக் கேலிச்சித்திரங்களில் பரவும் பழுப்புப் புள்ளிகள்: உதவி தேவை

வணக்கம். நல்லூரில் வசிக்கும் நான், பிரபலங்களின் மூலக் கேலிச்சித்திரங்களை, அதாவது பத்திரிகையில் அச்சானவற்றை அல்லாமல் ஓவியர் தம் கையால் வரைந்த தாள்களையே, 18 ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். அவற்றுள் 11 சித்திரங்களில் கடந்த மாரி தொடக்கம் பழுப்புப் புள்ளிகள் பரவி வருகின்றன.

அனைத்தும் 1960களிலும் 70களிலும் தடித்த தாளில் இந்தியன் மையால் வரையப்பட்டவை. மிகவும் பாதிக்கப்பட்டது தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வாவின் சித்திரம். அவருடைய மெலிந்த தோளை வரைந்த கறுப்புக் கோட்டின் அடியில், அச்சுக் கமராவில் பதியாத வெளிர்நீலப் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது. மூக்கின் வளைவை ஓவியர் திருத்தி வெள்ளைப் பூச்சால் மறைத்த இடமும் அப்படியே இருக்கிறது. அச்சுப் பிரதியில் கிடைக்காத இந்தத் தடயங்களுக்காகவே மூலங்களைத் தேடுகிறேன். ஆகவே, தாளை வெளுக்கச் செய்யும் எந்த மருந்தையும் பூச எனக்குச் சம்மதமில்லை.

கார்த்திகையில் புள்ளிகளைக் கண்டதும், கண்ணாடி தாளோடு ஒட்டியிருந்த சட்டங்களைக் கழற்றி, நிழலான அறையில் இரண்டு வாரம் காற்றாட வைத்தேன். பின்னர் அமிலமற்ற தாள்களை இடையிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் அலுமாரியில் அடுக்கினேன்; ஆயினும் புள்ளிகள் நிற்கவில்லை. சட்டம் போடும் கடையொன்றில் ஒரு சித்திரத்தை ஈரப் பஞ்சால் துடைத்தபோது வெள்ளைப் பூச்சு கரைந்துவிட்டது. அந்த இழப்பு இன்னும் மனதை வருத்துகிறது. அதன்பின் எவரிடமும் கொடுக்கவில்லை.

வெள்ளைப் பூச்சும் நீலப் பென்சிலும் கெடாமல் இப்புள்ளிகளைத் தடுக்கக்கூடிய, பழந்தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அறிவீர்களா?