மறுமொழி: ‘ரூட் ஃப்ளேர்’ – தமிழில் ‘தூர்விரிவு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மகிழமரம் வளர்ப்பது பற்றிய கையேட்டுக்காக ‘ரூட் ஃப்ளேர்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வேர்ச்சுடர், வேர்க்கழுத்து, வேர்விரிவு என மூன்று வந்திருக்கின்றன.

சுடரை முதலிலேயே அணைத்துவிடலாம். அகராதியில் ஃப்ளேர் என்று தேடினால் தீ கிடைக்கும். மரத்தடியில் தீக்கு வேலையில்லை. அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் நாலாபுறமும் அகன்று, பக்க வேர்களாகப் பிரியத் தொடங்குமே, அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. வயதான மகிழத்தில் இது நன்றாகத் தெரியும். திருவொற்றியூரிலும் திருவண்ணாமலையிலும் மகிழம்தான் தலமரம். போகிறவர்கள் அடியைக் குனிந்து பாருங்கள்.

வேர்க்கழுத்து நல்ல சொல்தான், ஆனால் வேறு பொருளுக்கு உரியது. தண்டு முடிந்து வேர் தொடங்கும் எல்லையை அப்படிச் சொல்கிறோம். கடலையில் வரும் கழுத்தழுகல் நோய்க்கும் அங்கிருந்துதான் பெயர். தவிர, கழுத்து என்றதும் ஒடுங்கிய இடம் மனதில் வரும். இதுவோ அகன்ற இடம். வேர்விரிவு என்றால் வேர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். அந்தப் பொருளுக்கு அதை விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘தூர்விரிவு’. மரத்தின் அடியைத் தூர் என்பது ஊரில் புழங்குகிற பேச்சு.

> நெல் தூர் கட்டுவதும் ஏரியில் தூர் வாருவதும்தானே நினைவுக்கு வரும்?

வரட்டுமே. மரத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் ஏரிக்குப் போய்விட மாட்டார்கள். தூருக்குப் பதிலாக, மரத்தின் அடி என்ற பொருளில் குமரி நண்பர் சொன்ன ‘மூடு’ எனக்கும் பிடிக்கும். ஆனால் திருச்சிக்கு வடக்கே ‘மூடு தெரிய நடு’ என்று எழுதினால், எதைத் திறந்து எதை மூடுவது என்று கேட்பார்கள்.

சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் போட்டால்தான் தெரியும். கையேட்டில் இப்படி வரலாம்:

‘நாற்றங்காலில் சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றும்போது மேலே மண் போட்டுக்கொண்டே போவார்கள். அதனால் கன்றின் தூர்விரிவு பை மண்ணுக்குள் புதைந்திருக்கக்கூடும். நடுவதற்கு முன் மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கி, பருமனான முதல் பக்கவேர் தென்படும்வரை போங்கள். மகிழம் பால் மரம். நகம் பட்டு வெள்ளையாகப் பால் கசிந்தால் கையை எடுத்துவிடுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டின் (வேரும் அதைப் பற்றிய மண்ணும்) உயரத்துக்கு மேல் வேண்டாம். மண் பிறகு இறங்கும் என்பதால் தூர்விரிவு தரைமட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கட்டும்.’

அடுத்து: ‘மூடாக்கை (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) தூர்விரிவின்மேல் குவிக்காதீர்கள், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.’ அடிமரப் பட்டை எப்போதும் ஈரத்தில் கிடக்க ஏற்றதல்ல. அது மண்ணுக்குள் போனால் அழுகல் புகும், கீழே வேருக்குக் காற்று குறையும். மகிழம் மெதுவாக வளர்கிற மரம் என்பதால், தப்பாக நட்டது தெரியவே ஆண்டுகள் ஆகும். அதற்குள் நட்டவர் வீடு மாறிப் போயிருப்பார்.

வளர்ந்த மரத்தைச் சோதிக்கவும் இதே சொல் உதவும். அடி அகலாமல், நட்டுவைத்த விளக்குக் கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால், தூர்விரிவு புதைந்திருக்கிறது என்று பொருள். நம் தெருக்களில் நடைபாதை போடுகிறவர்கள் சிமெண்டை அடிமரம்வரை பூசிவிட்டுப் போவதையும் இதில் சேர்க்க வேண்டும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அந்த மாதிரி அறிவிப்பைத் தமிழில் எழுத நேர்ந்தால் ‘தூர்விரிவை மூடக்கூடாது’ என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும்.

தோட்டக்காரரிடம் பேசும்போது வெறும் ‘தூர்’ போதும், ‘தூர்விரிவு’ எழுத்துக்கு. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் இருப்பது வசதிதானே.

அப்புறம், கையேட்டுக்கான சொற்பட்டியலில் அடுத்து இருக்கும் இரண்டையும் குழப்ப வேண்டாம். பைக்குள் வட்டமடித்துக் கிடப்பது சுற்றுவேர். அது பருத்து அடிமரத்தை இறுக்கத் தொடங்கினால் நெரிவேர். முதலாவதை நடும்போதே நறுக்கிவிடலாம். இரண்டாவதை வெட்டலாமா என்பது மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆகவே கையேட்டில் தனித்தனிப் பதிவாகவே போடுங்கள். ‘நெரிவேர்’ பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள்.